பிடிமானம்

மாதிரி ரயில் எஞ்சின் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டோம். சாவி கொடுத்தால் ஓடும் ரயில் வீட்டுக்கு வந்திருந்தால் அது அண்ணனுக்கோ தம்பிக்கோ வந்திருக்கும். நமக்குச் சொப்புச் சாமான் வந்திருக்கும்.

நான் சொல்ல வருவது அந்தச் சாவி ரயிலைவிடப் பெரிய விஷயம். நான் இப்போது வாழும் தென் ஜெர்மனியில் ஓர் அறை முழுக்கத் தண்டவாளம் போட்டு, மலை, சுரங்கம், ஸ்டேஷன் எல்லாம் கட்டி ரயில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் வயதானவர்கள். அங்கே அதிகம் புழங்கும் அளவு, நிஜ ரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கியது. எஞ்சின் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதைத் திருப்பிப் பார்த்தால் சில சக்கரங்களில் மட்டும் மெல்லிய பள்ளம் ஒன்று வெட்டியிருக்கும். பள்ளத்துக்குள் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம். கறிவேப்பிலைக் காம்பின் தடிமன்கூட இருக்காது. ஜெர்மன் மொழியில் அதை ‘ஹாஃப்ட்ரைஃபன்’ என்கிறார்கள். பிடித்துக்கொள்ளும் டயர் என்று பொருள்.

இந்த வளையம் எதற்கு? ரயில் ஓடுவது வழவழப்பான இரும்பின் மேல் வழவழப்பான இரும்பு. உராய்வு குறைவு என்பதால்தான் அவ்வளவு கனத்தை இழுக்க முடிகிறது. உராய்வு மிகவும் குறைந்தாலோ சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், வண்டி நகராது. நிஜ எஞ்சினுக்குப் பிடிமானம் தருவது அதன் எடை. மழையில் வழுக்கினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுவார்கள். அதுவும் போதாத செங்குத்தான இடத்தில் பல்சக்கரம் வைப்பார்கள். நம் நீலகிரி மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை, மிகச் செங்குத்தான இடங்களில் சுமார் பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற வேண்டும். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் இருப்பதும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுவதும் அதனால்தான்.

அரைக் கிலோகூட இல்லாத பொம்மை எஞ்சினுக்கு எடையும் இல்லை, மணலும் இல்லை. ஆகவே ரப்பர். எல்லாச் சக்கரத்துக்கும் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போட முடியாது. சக்கரங்கள் வழியாகவும் மின்சாரம் போய்வர வேண்டும், ரப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒன்றிரண்டு ஜோடிச் சக்கரங்கள் பிடித்து இழுக்கும், மற்றவை மின்சாரம் கடத்தும். இப்படி ஒரு வேலைப் பிரிவினை.

எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். ஊதினால் தளரும். தளர்ந்த வளையம் பள்ளத்தை விட்டு எழும்பி, ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக் டக்’ என்று தட்டும். எஞ்சின் நொண்டும். பிறகு ஒருநாள் வளையம் கழன்று விழுந்துவிடும். மோட்டார் நன்றாக ஓடும், சக்கரம் சுற்றும், விளக்கும் எரியும். பின்னால் நாலு பெட்டியை மாட்டினால் மட்டும் எஞ்சின் நகராது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவள். வகுப்பில் அறுபது பேரில் நாங்கள் நான்கு பெண்கள். ஆறு வருடம் வேலையும் பார்த்தேன். கணவருக்கு ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை கிடைத்ததும் அவருடன் வந்தேன். விசாவில் எனக்குப் பெயர் ‘உடன் வரும் துணை’. ஜெர்மன் பேசிப் பழக நல்ல இடம் என்று ஒருவர் சொன்னதால், மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கும் ரிப்பேர் கஃபேக்குப் போகத் தொடங்கினேன். கெட்டுப்போன பொருளைத் தூக்கி எறியாமல் கொண்டுவந்து, தெரிந்தவர்களோடு உட்கார்ந்து சரிசெய்துகொள்ளும் இடம் அது. இந்த யோசனையை 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி வைத்தவர் மார்டின் போஸ்ட்மா என்ற பெண். இன்று உலகின் பல நாடுகளில் இத்தகைய கூடங்கள் நடக்கின்றன.

ஒரு பெண் தொடங்கிய யோசனை என்பதால் மேசைகள் வேறு மாதிரி அமைந்துவிடவில்லை. எங்கள் கூடத்தில் மின்சாதனத்துக்கு ஒரு மேசை, சைக்கிளுக்கு ஒன்று, இயந்திரப் பொருளுக்கு ஒன்று. மூன்றிலும் ஓய்வுபெற்ற ஆண்கள். ஜன்னலோரம் தையல் மேசை, அதில் பெண்கள். கேக் வைக்கும் மேசையிலும் பெண்கள். முதல் நாள் பொறுப்பாளர் என்னிடம் அன்பாகக் கேட்டார்: “உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?” தெரியும். அம்மாவிடம் கற்றது. “தெரியும்” என்றேன். அத்தோடு என் இடம் முடிவாகிவிட்டது. என்ன படித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து மாதம் ஜீன்ஸுக்கு ஜிப் மாற்றினேன்.

ஆறாவது மாதம் ஓர் அம்மா வந்தார். எண்பதைத் தாண்டியவர். கையில் செருப்புப் பெட்டி. அதற்குள் பழைய துணியில் சுற்றிய நீராவி எஞ்சின், மேர்க்லின் நிறுவனத்துடையது. வரிசையில் நின்று இயந்திர மேசையில் கொடுத்தார். ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரம் சுற்றியது, எஞ்சின் வழுக்கியது. மேசைக்காரர்கள் இருவரும் எஞ்சினின் வருடம், மாடல், விலை என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருவர் அந்த அம்மாவிடம் சொன்னார்: “இதற்கெல்லாம் பராமரிப்பு அதிகம், உங்களால் ஆகாது. எல்லாவற்றையும் ஒரே கையாக விற்றுவிடுங்கள். வாங்க ஆள் நான் சொல்கிறேன்.” கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. உதவுவதாகவே நினைத்திருப்பார்.

அந்த அம்மா பெட்டியை மூடிக்கொண்டு தையல் மேசைப் பக்கம் வந்து உட்கார்ந்தார். கால் வலித்திருக்கும். நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன். என் அரைகுறை ஜெர்மனும் அவருடைய ஸ்வாபியப் பேச்சுமாகப் பேச்சு தொடங்கியது.

ரயில் அவருடைய கணவருடையது. ஐம்பது வருடம் ஓர் அறை முழுக்கக் கட்டினார். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த அம்மா தூசு துடைக்கப் போய் ஒரு சிக்னல் கம்பம் ஒடிந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த அறையில் எதையும் தொடக் கூடாது. தரையைப் பெருக்கலாம், கிறிஸ்துமஸ் நாட்களில் விருந்தாளிகளுக்குக் காபி கொண்டுபோய் வைக்கலாம். கணவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. மகன் அறையைக் காலி செய்யச் சொல்கிறார். இந்த அம்மாவுக்கோ அதை ஒருமுறையாவது தானே ஓட்டிப் பார்க்க வேண்டும். கொள்ளுப்பேத்திக்கு ஆறு வயது. அவளுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குத்தான் பேருந்து ஏறி வந்திருக்கிறார்.

“அவர் திட்டுவாரா?” என்று கேட்டேன். “இல்லை, ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. தொடாதே என்று ஒருமுறைதான் சொன்னார். நான்தான் பிறகு தொடவில்லை” என்றார்.

அந்தப் பதில் பல நாள் என்னோடு இருந்தது. ஒருமுறை சொன்ன சொல் எப்படி ஐம்பது வருடம் நிற்கும்? அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாடே நின்றால் நிற்கும். அவர் மணமாகி வந்த மேற்கு ஜெர்மனியில், திருமண, குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குத்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சிவில் சட்டமே சொன்னது. அந்தச் சட்டம் மாறியது 1977இல்தான். வீட்டை நடத்துவது மனைவியின் பொறுப்பு என்று எழுதியே வைத்திருந்தார்கள். வீட்டை நடத்துகிறவருக்கு அதே வீட்டின் ஓர் அறைக்குள் மட்டும் அனுமதி கிடையாது.

இதில் இன்னொரு கதையும் உண்டு. அந்தச் செருப்புப் பெட்டியில் இருந்த எஞ்சினின் பெயர்ப்பலகையைத் தேடிப் போனபோது படித்தது. மேர்க்லின் நிறுவனம் 1859இல் எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கோப்பிங்கனில் தொடங்கியபோது ரயில் செய்யவில்லை. தகரத்தில் பொம்மைச் சமையலறைச் சாமான்கள் செய்தது. அதாவது சொப்பு. தொடங்கிய தியோடோர் மேர்க்லின் தகர வேலை செய்தார். அவர் மனைவி கரோலின் தெற்கு ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் ஊர் ஊராகப் போய் அவற்றை விற்றார். பெண்கள் வியாபாரத்துக்காகத் தனியே பயணம் செய்வது அரிதாக இருந்த காலம். 1866இல் கணவர் இறந்தார். கரோலின் கடையை மூடவில்லை. 1888இல் பிள்ளைகள் கைக்குப் போகும்வரை நிறுவனத்தைக் காப்பாற்றினார். அதன் பிறகுதான், 1891இல், லைப்சிக் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலை அந்த நிறுவனம் காட்டியது. உலகம் அதன் பெயரை அறிந்தது அந்த ரயிலால். சிறுமிகளின் சொப்பும் ஒரு விதவையின் நடையும் தாங்கி நிறுத்திய கடையிலிருந்துதான் அப்பாக்களும் மகன்களும் விளையாடும் ரயில் வந்தது.

அமெரிக்காவில் லயனல் நிறுவனத்துக்கு 1957இல் பெண் குழந்தைகள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்காக ஒரு ரயிலைக் கொண்டுவந்தது. எஞ்சின் இளஞ்சிவப்பு. பெட்டிகளுக்கும் அப்படியே மென்மையான நிறங்கள். அது விற்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு ரயில் பிடிக்காது என்பதற்கு ஆதாரமாக இதைச் சிலர் சொல்வதுண்டு. நிஜ ரயில் கறுப்பாக இருப்பது சிறுமிகளுக்கும் தெரியும் அல்லவா? ரயில் கேட்டவளுக்கு ரயிலைக் கொடுக்காமல் நிறத்தைக் கொடுத்தார்கள். அன்று விற்காத அந்த இளஞ்சிவப்பு ரயிலுக்கு இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை தருகிறார்கள்.

அன்று தையல் மேசையில் எஞ்சினைத் திருப்பிப் பார்த்தேன். கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சக்கரத்தில் வளையம் இல்லை. எதிர்ப் பக்கத்தில் இருந்தது ஊதித் தளர்ந்து, விரலால் தள்ளினால் பள்ளத்துக்குள் சுற்றியது. அச்சில் எண்ணெய் அளவுக்கு மீறி விடப்பட்டிருந்தது. மோட்டாரில் ஒன்றுமில்லை. “புது வளையம் இரண்டு வாங்க வேண்டும். அடுத்த மாதம் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து போடுவோம்” என்றேன். “போடுவோமா? நானுமா?” என்று கேட்டார். ரிப்பேர் கஃபேயின் விதியே அதுதான்: பொருளைக் கொண்டுவந்தவரும் கூட உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

அந்த இடைப்பட்ட மாதத்தில் ஒருநாள் திருச்சிக்கு போன் செய்தேன். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் சக்கரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீலகிரி மலை ரயிலுக்கே பல்சக்கர எஞ்சின்கள் கட்டிய பணிமனை அது. அப்பாவின் வேலையால்தான் நான் மெக்கானிக்கல் எடுத்தேன். ஆனாலும் அவர் என்ன வேலை செய்தார் என்பதை நான் அவரிடமிருந்து கேட்டதே இல்லை. ஆயுத பூஜைக்குப் பணிமனைக்குக் கூட்டிப்போவார். பொரி, கடலை வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிவருவார். தம்பிக்கு மட்டும் லேத்தைக் காட்டி விளக்குவார். ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று அறியப்படும் சுரேகா யாதவைப் பற்றிப் பேப்பரில் வந்தபோது எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியவரும் அவரேதான். ஊரார் வீட்டுப் பெண் எஞ்சின் ஓட்டுவதில் அவருக்குப் பெருமை. சொந்த மகள் எண்ணெய்க் கறையோடு வருவது மட்டும் கண்ணுக்குப் பழகவில்லை.

“அப்பா, சக்கரத்துக்கு டயர் எப்படிப் போடுவீங்க?” என்று கேட்டேன்.

“எந்தச் சக்கரம்மா?”

“எஞ்சின் சக்கரம்.”

ஒரு கணம் பேச்சில்லை. பிறகு நாற்பது நிமிடம் பேசினார். நீராவி எஞ்சின் சக்கரம் ஒரே துண்டு இல்லை. நடுவில் சக்கரம், அதைச் சுற்றி எஃகு டயர். டயரின் உள்வட்டத்தைச் சக்கரத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் சிறியதாகவே கடைந்து வைப்பார்கள். அதைச் சுற்றிலும் நெருப்பு வைத்துச் சூடாக்கினால் விரியும். விரிந்ததைச் சக்கரத்தில் இறக்கி ஆறவிட்டால் சுருங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதும் இதே முறைதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் டயர் மறுபடி சூடாகித் தளரலாம். அதைக் கண்டுபிடிக்கச் சக்கரத்திலிருந்து டயர் வரைக்கும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைப்பார்கள். கோடு நேராக இருக்கும்வரை கவலையில்லை. விலகிவிட்டால் டயர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலால் தட்டியும் பார்ப்பார்கள். இறுகிய டயர் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

“பிடிக்கிறது எதுவோ அது கொஞ்சம் சின்னதா இருக்கணும்மா. அப்பத்தான் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருக்கம்தான் பிடி” என்றார்.

நான் ரப்பர் வளையத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு பக்கம் பள்ளத்தில் வைத்து மறுபக்கத்தை இழுத்து மாட்டினால், இழுத்த பக்கம் மெலிந்தும் மற்றப் பக்கம் தடித்தும் நிற்கும், அதனாலும் சக்கரம் நொண்டும், அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். அப்பா யோசித்தார். எஃகில் அந்தப் பிரச்சினை வராது. அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“அது பாவாடைக்கு எலாஸ்டிக் வைக்கிற மாதிரிதானடி. ஒரே இழுப்பா இழுத்தா ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் தொங்கும். நாலா மடிச்சு நாலு இடத்துல அடையாளம் வச்சுக்கோ. இடுப்புத் துணியையும் நாலாப் பிரிச்சுக்கோ. நாலையும் நாலோட சேர்த்துப் பிடி. நடுவுல தானா சமமாகும்.”

அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். “உங்கம்மாவுக்கு இது எப்படித் தெரியும் பாரு” என்றார் ஆச்சரியமாக.

எப்படித் தெரியும்? முப்பது வருடமாகத் தெரியும். பொன்மலைக் குடியிருப்பில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. ரவிக்கை, பள்ளிச் சீருடை, பாவாடை என்று இரவு பதினொரு மணிவரை தைப்பார். அந்தப் பணத்துக்கு வீட்டில் ‘கைச்செலவுக் காசு’ என்று பெயர். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அதிலிருந்து போனது. ஆயுத பூஜைக்கு அந்த மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் உண்டு. அன்று ஒருநாள் மெஷினுக்கு ஓய்வு. அம்மாவுக்கு அன்றுதான் சுண்டல், வடை, பொங்கல் என்று மற்ற நாளைவிட வேலை அதிகம்.

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே விஷயம் தெரிந்திருக்கிறது. ஒருவர் எஃகில் தெரிந்து வைத்திருந்தார், மற்றவர் எலாஸ்டிக்கில். சுருங்கப் பார்க்கும் பொருளை எப்படிச் சமமாக உட்காரவைப்பது என்பதுதான் இருவருக்கும் வேலை. ஒருவருடையது டெக்னிக்கல் வேலை. கிரேடு, ஓவர்டைம், பென்ஷன் எல்லாம் உண்டு. மற்றவருடையது ‘கைப்பழக்கம்’. நாலில் ஒரு பங்காகப் பிரித்து இழுவிசையைச் சமப்படுத்துவதைக் கல்லூரியில் எனக்குப் பாடமாக நடத்தியிருந்தால் அதற்கு ஒரு சூத்திரமும் ஒரு வெள்ளைக்காரர் பெயரும் இருந்திருக்கும். அம்மா சொன்னதால் அதற்குப் பெயர் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாமல் இருந்து வண்டியை இழுக்கும் இந்த வளையத்தைப் பெண்ணுக்கு உவமையாக்க எனக்கு விருப்பமில்லை. விளக்கு, பூமி, நதி, சுமைதாங்கி என்று உவமையாக இருந்து நாம் களைத்துவிட்டோம். அது வளையம். தேய்ந்தால் மாற்றலாம். மாற்றும் கை யாருடையது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அடுத்த மாதச் சனிக்கிழமை அந்த அம்மா எல்லோருக்கும் முன்பாக வந்துவிட்டார். தையல் மேசையில் வெள்ளைத் துணி விரித்தோம். விழும் திருகாணி வெள்ளைத் துணியில்தான் கண்ணுக்குத் தெரியும். எஞ்சினைப் பஞ்சு வைத்த பெட்டியில் மல்லாக்கப் படுக்கவைத்தோம்.

நீராவி எஞ்சினில் சக்கரங்களை இணைக்கும் தண்டு குறுக்கே இருக்கும். அதன் அறுகோணத் திருகாணியைச் சின்னக் குழாய்ச் சாவியால் கழற்ற வேண்டும். கழற்றியவர் அந்த அம்மா. முதலில் கை நடுங்கியது. “உடைந்தால்?” என்றார். “உடைந்தால் உங்களுடையதுதானே” என்றேன். சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நடுக்கம் இல்லை.

பழைய வளையத்தை ஊசி முனையால் தூக்கி எடுத்தார். பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாக இருந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டோம். இயந்திர மேசைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடுங்கள், நகராது” என்றார். “வேண்டாம். அது காய்ந்தால் கல்லாகும், சக்கரத்தில் மேடு விழும். அடுத்தமுறை வளையத்தைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் பசையே தேவையில்லை” என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புது வளையத்தை இடுக்கியால் எடுத்துச் சக்கரத்தின் ஓர் ஓரத்தில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்திக்கொண்டு, மறுபக்கத்தை மழுங்கிய குச்சியால் உருட்டி ஏற்ற வேண்டும். கூர்மையான எதுவும் பட்டால் ரப்பர் கிழியும். முறுக்கிக்கொண்டால் மறுபடி எடுத்துப் போட வேண்டும். இரண்டாவது முயற்சியில் வளையம் பள்ளத்தில் விழுந்தது.

அம்மா சொன்ன நாலு இடக் கணக்கைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள், அந்த அம்மா மழுங்கிய ஊசியை வளையத்துக்கு அடியில் நுழைத்து, மேலே ஓர் இடத்தில் லேசாகத் தூக்கி விட்டார். பிறகு கீழே. பிறகு இடமும் வலமும். வளையம் சமமாக உட்கார்ந்தது.

“இது எங்கே கற்றீர்கள்?” என்று கேட்டேன்.

கல்யாணத்துக்கு முன்பும், பிள்ளைகள் வளர்ந்த பிறகும் ஸ்வாபிய மலைப் பகுதியில் பின்னலாடைத் தொழிற்சாலையில் தைத்தவராம். நம் திருப்பூர் போல ஊர் ஊராக அந்தத் தொழிற்சாலைகள் ஓடிய பகுதி அது. உள்ளாடை இடுப்புக்கு எலாஸ்டிக் வைப்பது அவர் வேலை. பீஸ் ரேட்டுக் கூலி. ஒரு நாளில் எத்தனை இடுப்பு என்று கணக்குச் சொன்னார், எனக்கு மூச்சு முட்டியது.

அந்த வளையத்தைச் சரியாக உட்காரவைக்கும் கை அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது. ஐம்பது வருடமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் காபித் தட்டோடு நின்றிருக்கிறது. கணவர் வளையம் மாற்ற ஒவ்வொரு முறையும் கடைக்கு அனுப்பிப் பணம் கொடுத்தாராம்.

தண்டைப் பூட்டி, அச்சுக்கு ஊசி முனையால் தொட்டெடுத்த அளவு எண்ணெய் விட்டு, மேசையில் போட்டிருந்த தண்டவாளத்தில் வைத்தோம். ஒரு பக்கத்தைப் புத்தகம் வைத்து உயர்த்தி, ஆறு பெட்டிகள் மாட்டினோம். குமிழைத் திருப்பியவர் அந்த அம்மாதான். எஞ்சின் ஒரு கணம் முனகியது, பிறகு ஏறியது. தட்டும் சத்தம் இல்லை. அவர் மூன்று முறை ஓட்டினார். நான்காவது முறை ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, அங்கிருந்து மறுபடி கிளப்பிப் பார்த்தார். வளையம் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிடக் கடினமான சோதனை கிடையாது. அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று மாலை பொறுப்பாளரிடம் போய், அடுத்த மாதத்திலிருந்து நான் இயந்திர மேசையில் உட்காருகிறேன் என்றேன். “நல்லதுதான். ஆனால் தையலுக்கு யார்?” என்றார். இந்தக் கேள்வியை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். நாம் எழுந்தால் அந்த இடம் காலியாகும், அதை நிரப்பிவிட்டுத்தான் எழ வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். தையல் எனக்குக் குறைச்சலான வேலை என்று நான் எழவில்லை. அதையும் செய்வேன், மற்றவர்களும் செய்யட்டும் என்று சொன்னேன். சூப்பர் க்ளூ சொன்ன அதே மனிதர் கையைத் தூக்கி, பேன்ட் ஓரம் மடித்துத் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மனைவி போன பிறகு எல்லாப் பேன்ட்டையும் கடையில் கொடுக்கிறாராம்.

இப்போது மேசைகளில் மாறி மாறி உட்காருகிறோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் என்னைத் தாண்டிப் பின்னால் யாராவது ஆண் நிற்கிறாரா என்று பார்க்கிறார்கள். நான் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறேன். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது, ஆறு வருட அனுபவத்துக்குக் கீழே இந்த மேசையையும் எழுதுகிறேன். துணி தைத்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த அம்மா அறையைக் காலி செய்யவில்லை. போன மாதம் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். கொள்ளுப்பேத்தி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தாள். அலமாரியில் கணவரின் பராமரிப்பு நோட்டு இருந்தது. எந்த எஞ்சினுக்கு எந்தத் தேதியில் என்ன செய்தது என்று பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். கடைசி வரிக்குக் கீழே வேறு கையெழுத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது. தேதி, எஞ்சின் எண், ‘வளையம் இரண்டும் மாற்றியது’. அதற்குப் பக்கத்தில் தன் முழுப் பெயரை, கல்யாணத்துக்கு முன்பு இருந்த குடும்பப் பெயரையும் சேர்த்து, எழுதியிருந்தார்.